அனந்தமதி விட்ட காபி

வர்த்தமானன் ஒரு பொருளை வாங்கினார் என்றால், அதற்கு முன் குறைந்தது மூன்று கடை ஏறி இறங்கியிருப்பார் என்று பொருள். ஃபிரிட்ஜ் வாங்கப் பதினோரு மாதம் ஆனது. மகள் சாந்தினிக்கு அவர் சைக்கிள் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்குக் கால் நீண்டு, பார்த்து வைத்த சைக்கிள் சின்னதாகிவிட்டது. திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் யாராவது காய்கறி வண்டி முன்னால் நின்று யோசித்தால், "இன்னாடா, நைனார் கணக்கா நின்னுக்கினு இருக்க?" என்று கேட்பார்கள். அது அவர் காதிலும் விழும். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

எல்லாம் வேலையில் வந்த பழக்கம். முப்பத்திரண்டு வருடம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தரம் பார்க்கிறவராக இருந்தார். அதில் பெரும்பகுதி விழுப்புரத்தில். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் பொழுது சாயும் முன் வீடு திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் அவர்கள் வீட்டில் சூரியன் இறங்கிய பிறகு யார் வாயிலும் எதுவும் போகாது. சமணக் குடும்பம்; தெருவில் நைனார் என்பது அதனால்தான். செஞ்சிப் பக்கத்தில் நிலமும், தலைமுறை தலைமுறையாக வந்த இந்த ஒழுங்கும்தான் அவர்களுக்குச் சொத்து.

விற்பனைக்கூடத்துக்கு வரும் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளின் வாயில் எப்போதும் நல்ல காய்தான் இருக்கும். வர்த்தமானன் வாயைப் பார்க்கவே மாட்டார். மூட்டையின் இடுப்பில் குத்தூசியை இறக்கி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உடைத்து, ஒரு பருப்பை மெதுவாக மெல்லுவார். காறல் இருந்தால் முகம் மாறாது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். அவருடைய நாக்கை யாராலும் ஏமாற்ற முடிந்ததில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

எடை போடும் இடத்தில் இருந்த கெடார் ஊர்க்காரர் சீனுவாசன்தான் அவரை வாரிக்கொண்டே இருப்பார்.

"யோவ் வர்த்தமானா, கல்யாணத்துக்காவது ஒரே பொண்ணப் பாத்தியா, இல்ல அதுக்கும் மூணு எடம் போனியா?"

"அது எங்க அப்பா பாத்தது."

"அதான் நல்லா அமைஞ்சிருக்கு."

நல்லாத்தான் அமைந்திருந்தது. அனந்தமதி அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அவளுக்கு ஆசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான். காபி. காலையில் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, பொழுது இறங்குவதற்கு முன் கடைசியாக அரை டம்ளர். அந்த அரை டம்ளரைக் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள். சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு குடிக்கிறாள் என்று சாந்தினி கேலி செய்வாள்.

எக்ஸ்பிரஸோ மெஷின் ஆசை அவர்களுடைய கல்யாணத்து அன்றே வந்தது. தொண்ணூற்றொன்றாம் வருடம். வரவேற்புக்கு விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளையின் அலுவலகத்தார் ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்று தெரிந்து, மாமா ஒருவர் வாடகைக்கு ஒரு காபி மெஷினைப் பிடித்துக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பளபளவென்று எவர்சில்வர் உருளை, பக்கத்தில் ஒரு குழாய். ஒவ்வொரு கோப்பைக்கும் 'புஸ்ஸ்ஸ்' என்று ஆவி சீறிப் பால் நுரைத்து எழும்பும். மேலே ஒரு சிட்டிகை கோகோ தூள். வந்தவர்கள் எல்லாம் இரண்டாவது கோப்பைக்கு நின்றார்கள். மணப்பெண் மேடையில் நின்று ஒவ்வொரு சீறலுக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது போய்விட்டது, அவள் குடிக்க முடியாது. மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"என் கல்யாணத்துல எல்லாரும் அந்தக் காபியக் குடிச்சாங்க, என்னத் தவிர" என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். குறையாக இல்லை, வேடிக்கையாக. பிறகு எத்தனையோ இடத்தில் அந்தக் காபியைப் பகலில் குடித்தும் விட்டாள். ஆனால் அப்படி ஒன்று நம் வீட்டிலேயே இருந்து, நான்கு மணிக்குப் புஸ்ஸென்று சீற வேண்டும் என்கிற எண்ணம் மட்டும் போகவில்லை.

வர்த்தமானன் ஓய்வு பெற்ற அன்று மாலை, மாலையும் பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்தவரிடம் அவள் கேட்டாள்: "இனிமே நேரம் இருக்குல்ல? அந்த மெஷின ஒண்ணு பாருங்களேன்."

"பாத்துடலாம்" என்றார்.

பார்க்கத் தொடங்கினார்.

முதலில் விழுப்புரம் நேருஜி சாலையில் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. அங்கே விற்பனை வேலையில் இருந்த வல்லரசு முப்பது வயதுக்காரன். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் ஓயாத பேச்சு. கறுப்பு நிறத்தில், தையல் மெஷின் அளவுக்கு ஒரு மெஷினை மேசைமேல் வைத்துக் காட்டினான்.

"பதினஞ்சு பார் பிரஷர் சார். இத்தாலிக்காரன் டிசைன். மேடம், இந்தப் பக்கம் வாங்க, இதான் ஆவிக்குழாயி."

அனந்தமதி கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணில் வெளிச்சம் தெரிந்தது. வர்த்தமானன் மெஷினைத் திருப்பி, பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினார்.

"இதோட வாய் இவ்வளவுதானா? துணி கட்டினா நிக்காது போல இருக்கே."

"துணி எதுக்கு சார்?"

"தண்ணிய வடிகட்டித்தான் ஊத்துவோம்."

"உள்ளயே ஃபில்டர் இருக்கு சார்!"

"அதுல தங்கற உசுர எங்க கொண்டு போய் விடுவீங்க?"

வல்லரசு அனந்தமதியைப் பார்த்தான். அவள் விளக்கினாள்: "நாங்க வடிகட்டின துணியத் திருப்பிப் புடிச்சு, அலசி, அந்தக் கெணத்துலயே விட்டுடுவோம் தம்பி. அதுல கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கும்ல, அது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போவணும்."

"மேடம், அந்த உசுருக்கெல்லாம் இந்தக் கம்பெனி வாரண்டி தராது" என்றான் வல்லரசு. அனந்தமதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "வெளியவே வடிகட்டிக் குடத்துல வெச்சுக்கினு ஊத்தினா ஆவாதாங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

ஆகும்தான். ஆனால் அது முதல் கடை. முதல் கடையிலேயே வாங்கிவிடுவது அவரால் ஆகாத காரியம்.

அந்தப் பங்குனியில் மேல்சித்தாமூர் மடத்துக்கு வடக்கேயிருந்து ஒரு மாதாஜி வந்து தங்கியிருந்தார். வெள்ளைப் புடவை, கையில் மயிற்பீலி, நடந்தே ஊர் ஊராகப் போகும் துறவி. தரிசனத்துக்குப் போகிறவர்களை அவர் ஏதாவது ஒன்றைக் கொஞ்ச காலத்துக்கு விடச் சொல்லுவார். பெண்கள் வரிசையாக எழுந்து சொன்னார்கள். ஒருத்தி ஆறு மாதம் இனிப்பை விட்டாள். ஒருத்தி ஒரு வருடம் சீரியலை விட்டாள். அதற்குத்தான் எல்லோரும் வியந்தார்கள். இன்னொருத்தி பாகற்காயை விடுகிறேன் என்றதும் அவள் மாமியாரே, "நீ எப்ப அதத் தொட்ட, இப்ப விடறதுக்கு?" என்று கேட்டு மண்டபமே சிரித்தது.

அனந்தமதி எழுந்தாள். "காபி" என்றாள்.

மொழிபெயர்த்துச் சொன்னவர் கேட்டார்: "எத்தன நாளைக்கும்மா?"

"எங்க வீட்டுக்கு அந்த எக்ஸ்பிரஸோ மெஷின் வர்ற வரைக்கும்."

மறுபடி சிரிப்பு. மாதாஜிக்கு விளங்கச் சொல்ல அந்த மனிதர் கொஞ்சம் பாடுபட்டார். விளங்கியதும் மாதாஜியும் புன்னகைத்து மயிற்பீலியை உயர்த்தினார். விரதம் ஏறிவிட்டது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வர்த்தமானனை அனந்தமதி ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தன் ஆயுசுக்கும் அவர் அதிகம் நினைத்துப் பார்த்த மௌனம் அதுதான்.

மறுநாளிலிருந்து அவள் காபியைத் தொடவில்லை. ஆனால் அவருக்குப் போடுவதை நிறுத்தவில்லை. காலையும் மாலையும் டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சி, ஆற்றிக் கொண்டுவந்து வைப்பாள். ருசி பார்க்காமலே அளவு தப்பாது. தனக்குக் கேப்பை மாவைக் கரைத்துக் காய்ச்சிக்கொள்வாள். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அதே கொல்லைக் கதவில் போய் நிற்பாள். வர்த்தமானன் கூடத்தில் உட்கார்ந்து காபியைக் குடிப்பார். அவள் முதுகு அவருக்குத் தெரியும்.

வாங்கியிருக்கலாம். அவர் வாங்காததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். இவள் துறவி முன்னால் எழுந்து நின்று எடுத்த விரதம் இது. ஒவ்வொரு நாளும் ஆசையை அடக்கி வைக்கிற புண்ணியம் அவளைச் சேருகிறது. நான் ஓடிப்போய் மெஷினை வாங்கிவந்து இறக்கினால், அந்த விரதத்தை நானே கலைத்தவன் ஆவேன். நல்ல காரணம்தான். அது அவருடைய சுபாவத்துக்கு வசதியாகவும் இருந்தது என்பதை அவர் அப்போது அடியில் கை விட்டுப் பார்க்கவில்லை.

ஆக, நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனார். வானூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு காபிக்கடையில் பழைய இத்தாலிய மெஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். அரை பீரோ அளவுக்கு இருந்தது. ஆவிக்குழாய்க்குள் அவர் விரலை விட்டார். உப்பு அடைத்துக் கிடந்தது. வேண்டாம் என்று திரும்பினார்கள். அதற்கே ஐந்து மாதம்.

அதற்கு அடுத்த தை மாதம், திண்டிவனத்திலேயே கல்யாணச் சமையல் எடுக்கும் ஆனந்தராஜ் தன்னிடம் இருந்த இரண்டு மெஷினில் ஒன்றைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். செஞ்சி சாலையில் அவருடைய கொட்டகை. உருளை, குழாய், அடியில் கேஸ் அடுப்பு. அனந்தமதி அதைப் பார்த்த உடனே நின்றுவிட்டாள்.

"அதே தாங்க" என்றாள் மெல்ல. "நம்ம கல்யாணத்துல நின்னுச்சே, அதே மாதிரி."

ஆனந்தராஜ் அடுப்பைப் பற்றவைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, குழாயைத் திறந்தார். புஸ்ஸ்ஸ் என்று சீறியது. அனந்தமதி சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வர்த்தமானன் குனிந்து வால்வைப் பார்த்தார். "இத டெஸ்ட் பண்ணின சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?"

"சார், இருபது வருசமா இதுலதான் காபி போட்டுக்கினு இருக்கேன். வெடிச்சிருந்தா இப்ப நின்னு உங்ககிட்ட பேசிக்கினு இருப்பனா?"

"இதுவரைக்கும் வெடிக்கல. அது சர்டிபிகேட் ஆவாது."

"அம்மா, உங்க வீட்டுக்காரரு பேஜாரு புடிச்ச மனுஷரும்மா."

"தெரியும்ங்க" என்றாள் அனந்தமதி. அவள் இன்னும் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வர்த்தமானன் சென்னைக்கு எழுதிக் கேட்டு, வால்வுக்கு ஒரு ஆளை வரவழைப்பதற்குள், அதை மயிலத்து ஆள் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் அவள் சொன்னது ஒன்றுதான்: "போவட்டும், அவங்க வீட்டுலயாவது யாராவது குடிப்பாங்க."

அந்த வருடம் அப்படியே போயிற்று. அடுத்த வருடம் வைகாசியில் அவளுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள். சளி இல்லை. தொண்டையில் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள், ஆறு வாரம் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்தது. ருசி கொஞ்ச நாளைக்குத் தெரியாது, பிறகு வந்தாலும் வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

வர்த்தமானன் அடுப்படிக்குள் போனார். அறுபது வயதுக்கு மேல் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். சாந்தினி சென்னையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நிற்பார்.

"அப்பா, மிளகு எவ்வளவு போட்டீங்க?"

"நூத்திப் பதினெட்டு."

"எண்ணினீங்களா?"

"நீதானே சொன்ன, ஒரு ஸ்பூன்னு. ஸ்பூனு ஸ்பூனுக்கு மாறுதே."

குழைந்த சோற்றையும் ரசத்தையும் அனந்தமதி மெதுவாக விழுங்குவாள். "சூடு பதமா இருக்குங்க" என்பாள். "நல்லா குழைஞ்சிருக்கு" என்பாள். ஐப்பசியில் ஒருநாள் அவரே கேட்டார்: "நாக்குல ருசி திரும்பிச்சா?"

"வந்துடுச்சுங்க. போன வாரமே" என்றாள்.

அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அடுத்த நாள் ரசத்தில் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

கார்த்திகையில் ஒரு பரிசோதனைக்குப் போய்விட்டுப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிளியனூர் தாண்டும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அனந்தமதி, கம்மிய குரலில் கேட்டாள்:

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? அந்த மெஷின வாங்கவே மாட்டீங்களா?"

அவர் தயங்கினார். "வாங்கினா உன் விரதம் முடிஞ்சுடுமேன்னுதான்."

"இன்னா?"

"நீ மாதாஜி முன்னாடி எடுத்தது. நாளு ஏற ஏற உனக்குத்தானே புண்ணியம். அத நான் போயி கலைக்கறதா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாக மாறி, முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் வரை போனது. அவர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"ஐயோ மனுஷா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்கள ஜல்தியா வாங்க வைக்கத்தானே நான் அப்படி எழுந்து சொன்னேன். பொண்டாட்டி காபி இல்லாம கிடக்கறாளேன்னு பத்து நாள்ல தூக்கிக்கினு வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நல்லா இருக்கே! விரதத்த எடுத்துட்டு, சீக்கிரம் முடிச்சு விடுன்னு நானே கேக்கறதா? அதுக்குப் பேரு விரதமா?"

திண்டிவனம் மேம்பாலம் வரும் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனார். வழியில் வேறு எந்தக் கடையிலும் ஏறவில்லை. நேருஜி சாலைக் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். ஷட்டரைத் தூக்கிய வல்லரசு அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"சார்! உசுரு கேட்ட சாரு! இன்னும் வாங்கலயா?"

"அந்தக் கறுப்பு மெஷின் இருக்கா? மொதல் மொதல்ல காட்டினியே, அது."

"அந்த மாடலே நின்னுபோச்சு சார். காட்டறதுக்கு வெச்சிருந்த பீஸ் ஒண்ணு பெட்டியோட மேல கிடக்குது. புதுசு வேற நாலு வந்திருக்கு, காட்டட்டா? ரெண்டு நிமிசம் பாருங்க சார்."

"வேணாம். அதையே குடு."

வல்லரசு ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தான். மேடத்தைப் பற்றி ஏதோ கேட்கவந்தவன், கேட்காமல் மேலே ஏறிப் பெட்டியை இறக்கினான். பஸ்ஸில் வைத்துக்கொண்டு போக முடியாது, நானே மதியத்துக்கு மேல் வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றான்.

சொன்னபடி வந்தான், ஆனால் நான்கே முக்கால் ஆகிவிட்டது. கார்த்திகை மாதத்துப் பொழுது. ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும். மெஷினைச் சமையல் மேடையில் வைத்து, ஒயரைச் செருகி, அவன் விவரம் சொன்னான்.

"மொதல்ல அஞ்சு தபா வெறுந்தண்ணிய ஓடவிட்டு ஊத்திடுங்க சார். அப்புறம் வர்ற மொத ரெண்டு கப்பு காபியையும் கொட்டிடுங்க. ரெண்டு வருசமா பெட்டியில கெடந்தது, உள்ள எண்ணெ வாடை இருக்கும். மேடம், நான் வர்றேன். உடம்பப் பாத்துக்குங்க."

அவன் போனபின் வர்த்தமானன் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். துணியைக் கட்டி வடிகட்டினார். கூடத்து நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த அனந்தமதி, "துணியத் திருப்பி அலசினீங்களா?" என்று குரல் கொடுத்தாள். அலசிக் கிணற்றில் விட்டுவிட்டு வந்தார். பால் காய்ந்தது. தொட்டி நிறைந்தது. விளக்கு எரிந்து மெஷின் சூடேறுவதற்குள் மணி ஐந்தரை தாண்டிவிட்டது. கொல்லைக் கதவின் வழியாக விழுந்த வெயில் சிவந்து, சுவரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"பொழுது ஆயிடுச்சுங்க. காலையில பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

"இல்ல. இன்னிக்கே."

காலையில் என்கிற சொல்லை அவரால் அன்று தாங்க முடியவில்லை. ஐந்து தடவை வெறும் தண்ணீர் விட நேரமில்லை. ஒரு தடவை விட்டார். பொடியை அழுத்தி, கைப்பிடியைத் திருகி, பொத்தானைத் தட்டினார். கறுப்பாக இறங்கியது. பாலில் குழாயை இறக்கித் திறந்தார். புஸ்ஸ்ஸ்.

கூடத்தில் அனந்தமதி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சமையலறை வாசலிலிருந்து அதைப் பார்த்தார். அவள் இமைகளுக்கு உள்ளே என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியும்.

முதல் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, நுரையைப் பார்த்து, ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "சூடும் பதமா இருக்கு. நுரை மெத்துனு இருக்கு."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளே போய், பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைத் தனக்கு ஊற்றி வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். மெஷின் எண்ணெயும் இரும்பும் ரப்பரும் கலந்த கசப்பு. நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. சர்க்கரை போடவும் மறந்திருந்தார். வேண்டாம், குடிக்காதே என்று சொல்லத்தான் திரும்பி ஓடினார்.

அவள் கோப்பையைக் காலி செய்திருந்தாள். மேலுதட்டில் நுரை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

வர்த்தமானன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முப்பத்திரண்டு வருடம் முகங்களுக்கு எதிரே நின்று மூட்டையைக் குத்திப் பார்த்த மனிதர். சூடு பதமா இருக்கு. நல்லா குழைஞ்சிருக்கு. மெத்துனு இருக்கு. இத்தனை நாளும் அவள் சொன்னது எல்லாம் சூட்டையும் மென்மையையும் பற்றித்தான். உப்பு என்றோ, புளிப்பு என்றோ, காரம் என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருங்காயம் கூடியதும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ருசி திரும்பவே இல்லை. தினமும் மூன்று வேளை, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அவர் முகத்துக்காக, மேல் பிடியாக ஒரு நல்ல சொல்லை எடுத்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவரும் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

சுவரில் வெயில் போய்விட்டது.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு நாள் அவள் இருந்தாள். ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு அவர் காபி போட்டார். வெறும் தண்ணீர் ஐந்து தடவை விட்டு, முதல் கோப்பையைக் கொட்டி, இரண்டாவதை ருசி பார்த்து, பொடியைக் கொஞ்சம் கூட்டி, பாலைக் கொஞ்சம் குறைத்து, சர்க்கரையை அளந்து. கல்யாணத்து அன்று போட்டதைவிட நல்ல காபி அது. சாந்தினியே வந்திருந்தபோது குடித்துவிட்டு, "அப்பா, நீங்க கடையே வெக்கலாம்" என்றாள். அனந்தமதி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். ஆவி சீறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அது மட்டும் பொய் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் அந்த நாட்களைக் கடந்தார். தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்ததா என்பதை அவர் கேட்கவும் இல்லை.

மேல்சித்தாமூரில் அவள் விரதம் எடுத்த நாளுக்கும் குரல் கம்மிய நாளுக்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் நாக்கு நன்றாக இருந்தது. கொல்லைக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவருக்கு இதுதான் தோன்றும். வேறு எதையும் அவர் பெரிதாக நினைப்பதில்லை.

அவள் போன பிறகு மெஷின் இரண்டு மாதம் துணி மூடிக் கிடந்தது. சாந்தினி சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார், சொன்ன மறுநொடியே அந்தச் சொல் அவரைச் சுட்டது. எடுத்துக்கொண்டு போ என்று உடனே சொல்லிவிட்டார். பிறகு அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

சித்திரையில் இலவச சர்வீஸுக்கு வல்லரசு வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டான். படத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு உள்ளே வந்து மெஷினைக் கழற்றினான், உப்பெடுத்தான், ரப்பர் வளையத்தை மாற்றினான்.

"ஒரு கப்பு போடுங்க சார். சரியா வருதான்னு பாத்துடலாம்."

வர்த்தமானன் போட்டார். கை பழக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோப்பையை நீட்டிவிட்டு, எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தார்.

வல்லரசு ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"இன்னா சார், சக்கரையே போடலயே!"

வர்த்தமானன் அசையாமல் நின்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

"ஏன் சார், இன்னா ஆச்சு? பரவால்ல சார், நான் அப்படியே குடிச்சுக்கறேன்."

"வேணாம் தம்பி. அப்படிக் குடிக்காத" என்றார் அவர். கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சர்க்கரை டப்பாவைத் தேடி உள்ளே போனார்.